கிருபாபாய் சத்தியநாதன்: 32 வருட வாழ்க்கை

நம்ம வேப்பம்பட்டில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், எதிரிலேயே மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ். 1878-ல் அங்கே படிக்க வந்தவர் கிருபாபாய். பிராமணராக இருந்து கிறிஸ்தவரான பெற்றோருக்கு 1862-ல் அகமத்நகரில் பிறந்தவர். இங்கிலாந்து போய்ப் படிக்க வாய்ப்பு இருந்தும் உடம்பு இடம் கொடுக்கவில்லை. இங்கேயும் ஒரு வருடத்தில் படிப்பு நின்றது.

1881-ல் சாமுவேல் சத்தியநாதனோடு திருமணம். ஊட்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். தன் வாழ்க்கையை ஒட்டி ஆங்கிலத்தில் எழுதிய 'சகுணா', மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் பத்திரிகையில் 1887-88-ல் தொடராக வந்தது. கிறிஸ்தவ வீட்டில் வளரும் பெண்ணின் விசுவாசமும் படிப்பு ஆசையும்தான் கதை.

அடுத்த நாவல் 'கமலா'. பெற்ற ஒரே குழந்தையையும் பறிகொடுத்தபின், நோயோடு எழுதியது. இதுல கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. இவ்வளவு பக்தியுள்ள கிறிஸ்தவர் கதாநாயகியாக எடுத்தது ஒரு இந்துப் பெண்ணை. சிறுவயதுத் திருமணம், புகுந்த வீட்டுக் கொடுமை, விதவைக் கோலம் என எல்லாம் பட்டும் கமலா மதம் மாறவில்லை. மறுமணமும் வேண்டாமென்று, ஏழைகளுக்கு உதவியே வாழ்கிறாள்.

தன் நம்பிக்கையை அவள்மேல் திணிக்காமல் அவள் துக்கத்தை மட்டும் எழுதினார் பாருங்க, கிருபாபாயின் விசுவாசம் எனக்குத் தெரிவது அங்கேதான். 1894-ல் அவர் இறந்தபோது வயது 32.