சிரிப்புக்கு ஒரு கம்பெனி

உடுமலைப்பேட்டையிலிருந்து பொள்ளாச்சி மார்க்கமாகக் கோயமுத்தூருக்குப் பிரயாணம் செய்கிறவர்கள் கிணத்துக்கடவைத் தாண்டித்தான் போகவேண்டும். பொன்மலையின்மேல் வேலாயுதசுவாமி கோயில் கொண்டிருக்கும் ஊர் அது. இந்த மார்க்கத்தின் ஒரு கோடியில், உடுமலைக்கு அருகிலுள்ள பூளவாடியில், 1899-ம் வருஷத்தில் நாராயண கவி பிறந்தார். மறு கோடியில், கோவையை அடுத்த சிங்காநல்லூரில், 1913-ம் வருஷத்தில் எஸ். வி. சகஸ்ரநாமம் பிறந்தார். ஒருவர் பாட்டுக் கட்டினார். மற்றவர் நாடகம் நடத்தினார். நாஞ்சில் நாட்டில் தோன்றிய கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனுக்குக் கொங்கு நாடு கொடுத்த இரண்டு கைகள் இவர்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

கிருஷ்ணன் ஜனங்களைச் சிரிக்க வைத்தார் என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் சிரிப்பை ஒரு ஸ்தாபனமாகவே அவர் அமைத்தார் என்பதை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. 1936-ம் வருஷத்தில் 'சதி லீலாவதி'யில் திரைக்கு வந்த அவர், விரைவிலேயே ஒரு புது வழக்கத்தை உண்டாக்கினார். படத்தின் பிரதான கதை டைரக்டரைச் சேர்ந்தது; ஹாஸ்யப் பகுதியோ கிருஷ்ணனைச் சேர்ந்தது. அதற்கு வேண்டிய கதை, வசனம், பாட்டு, நடிகர் எல்லாம் அவருடைய குழுவிலிருந்தே வரும். மனைவி டி. ஏ. மதுரம் அம்மையாரும், புளிமூட்டை ராமசாமி போன்ற சகாக்களும் அதில் இருந்தார்கள். 1941-ல் வெளிவந்த 'சந்திரஹரி' இதற்கு நல்ல உதாரணம். உண்மையே பேசிய அரிச்சந்திரனுக்கு நேர் மாறாக, பொய்யே பேசும் ஒருவனைப் பற்றிப் பம்மல் சம்பந்த முதலியார் எழுதிய நாடகம் அது.

லண்டன் மாநகரில் 1989-ம் வருஷத்தில் 'அவலான்' என்று ஒரு கம்பெனி ஆரம்பமாயிற்று. ஹாஸ்ய நடிகர்களின் தொழில் விவகாரங்களைக் கவனிப்பது, அவர்களைக் கொண்டு டெலிவிஷன் நிகழ்ச்சிகள் தயாரிப்பது ஆகிய இரண்டு காரியங்களையும் அது ஒரே கூரையின் கீழ்ச் செய்கிறது. மேல்நாட்டார் எதைச் செய்தாலும் வியந்து நிற்கும் நாம், அந்த இரண்டு காரியங்களையும் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே நம்மவர் ஒருவர் செய்தார் என்பதை மறக்கலாமா?

ஆனால் ஒரு கம்பெனியின் பலம் அதன் முதலாளி மேடையில் இருக்கும்போது தெரிவதில்லை. அவர் இல்லாதபோதுதான் தெரியும். அந்தச் சோதனை கிருஷ்ணனின் குழுவுக்கு 1944-ல் வந்தது. சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் உருவான 'ஹரிதாஸ்' அவ்வருஷத் தீபாவளிக்கு வெளியாயிற்று. டிசம்பர் மாதத்தில், லக்ஷ்மிகாந்தன் கொலை வழக்கில், அதன் கதாநாயகர் தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். கோவையின் பட்சிராஜா ஸ்ரீராமுலு நாயுடுவும் குற்றம் சாட்டப்பட்டு, 1945-ல் விடுதலை பெற்றார். மற்ற இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு லண்டன் பிரிவி கௌன்சில் வரையில் சென்று, மறு விசாரணைக்காகச் சென்னை ஹைக்கோர்ட்டுக்குத் திரும்பி வந்தது. 1947 ஏப்ரலில் இருவரும் நிரபராதிகள் என்று தீர்ப்பாயிற்று.

இடையில் கழிந்த இரண்டு வருஷத்துக்கு மேற்பட்ட காலத்தை எண்ணிப் பாருங்கள். சிரிக்க வைக்கிறவர் சிறையில். வழக்குச் செலவோ வாசலில். குழு கலைந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மதுரம் அம்மையார் அதற்கு இடங்கொடுக்கவில்லை. சகஸ்ரநாமத்தின் துணையோடு என். எஸ். கே. நாடக சபையை நடத்தினார். விதவா விவாகத்தை ஆதரித்து அந்தச் சபை நடித்த 'பைத்தியக்காரன்' 1947-ல் படமாகவும் வந்தது. சிறை மீண்ட கிருஷ்ணனுக்கும் அதில் ஒரு வேஷம் கிடைத்தது. தான் வளர்த்த வீட்டிலேயே விருந்துண்ட தகப்பனைப் போல் அவர் மகிழ்ந்திருக்க வேண்டும் அல்லவா?

அதன் பிறகு அவருடைய ஹாஸ்யம் மங்கவில்லை, பொறுப்புத்தான் கூடியது. 1949-ல் சி. என். அண்ணாதுரை எழுத, 'நல்லதம்பி'யைத் தயாரித்தார். அதில் இடம்பெற்ற கிந்தனார் காலட்சேபம் உடுமலையாரின் கைவண்ணம். தில்லை தரிசனத்துக்கு ஏங்கிய நந்தனுக்குப் பதிலாக, கல்விக்கு ஏங்கும் கிந்தனை அது ஜனங்களுக்குக் காட்டியது. காந்தி மகானின் கதையை வில்லுப்பாட்டாகப் பாட விரும்பியபோது, சுப்பு ஆறுமுகம் என்ற இளைஞரை அழைத்து எழுத வைத்தார். திறமையைக் கண்டெடுப்பது, அதற்கு மேடை கொடுப்பது என்பவை இவைதாமே!

ஆயினும் வரவைவிடக் கொடை பெரிதாயிருந்தது. 1957 ஆகஸ்டு 30-ம் தேதி, ஐம்பது வயதும் நிரம்பாமல், கலைவாணர் காலமானார். அவர் பெயர் நிலைத்தது. அவருடைய கம்பெனி நிலைக்கவில்லை. அவருக்குப் பிறகு நடத்துவதற்கான மூலதனமும் நிர்வாகமும் அதற்கு இல்லாமற் போயின.

பஞ்சாலைகளைக் கூட்டு முதலில் எழுப்பி, தலைமுறை தலைமுறையாக நடத்திக் காட்டியவர்கள் கொங்கு நாட்டார். கிணத்துக்கடவிலும் பொள்ளாச்சியிலும் கோயில் திருவிழா மேடைகளில் சிரிக்க வைக்கும் பிள்ளைகளுக்கு இன்றும் பஞ்சமில்லை. அவர்களுக்குக் கைதட்டல் கிடைக்கிறது. கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒரு காப்பாளர்தான் கிடைப்பதில்லை. நூலுக்கு ஆலை கட்டியவர்கள் சிரிப்புக்கும் ஒன்று கட்டலாகாதா?