தலையசைவும் திறன்பேசியும்

நுழையும்முன்

சொல் ஒன்றும் பேசாமல் ‘ஆம்’ எனவும் ‘இல்லை’ எனவும் தலையசைத்து உணர்த்துவது நம் வழக்கம். அத்தலையசைவைத் திறன்பேசியும் புரிந்துகொள்ளும் காலம் இது. அம்முறை சிறந்ததா என்பதை எவ்வாறு அளப்பது?

தேவை

திராட்சைத் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் நிறைந்த கம்பம் பள்ளத்தாக்கில் உள்ளது காமயகவுண்டன்பட்டி. அவ்வூரில், தென்னையிலிருந்து விழுந்து கழுத்துத் தண்டுவடம் பாதிக்கப்பட்ட ஒருவரைக் கற்பனை செய்து பாருங்கள். கைகால்கள் செயலிழந்தன; தலையை மட்டும் அசைக்க முடிகிறது. வெளியூரில் படிக்கும் மகளிடம் பேசவும் அவர் பிறர் கையை எதிர்பார்க்கிறார். விரலுக்கென அமைந்த தொடுதிரை அவருக்கு மூடிய கதவு.

இயங்கும் முறை

திறன்பேசியின் முன்பக்கக் கேமரா முகத்தைத் தொடர்ந்து படம்பிடிக்கிறது. மூக்கு, புருவம், உதடு ஆகியவற்றின் நகர்வைச் செயலி கணக்கிட்டுத் திரையிலுள்ள சுட்டியை நகர்த்துகிறது. புருவத்தை உயர்த்துதல், வாயைத் திறத்தல் போன்ற குறிப்புகள் தொடுதலுக்கு ஈடாகின்றன. 2021இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 12, முகக்குறிப்புகளால் திறன்பேசியை இயக்கும் வசதியைத் தந்தது. கணினி விளையாட்டுகளுக்காகக் கூகுள் 2023இல் அறிமுகப்படுத்திய ‘கேம்ஃபேஸ்’ என்னும் மென்பொருள், 2024இல் ஆண்ட்ராய்டுக்கும் விரிந்தது. கல்விக்கும் பணிக்கும் அதனைப் பயன்படுத்தும் வழிகளை அறிய, இந்தியாவின் இன்க்ளூசா நிறுவனத்துடன் கூகுள் இணைந்து செயல்பட்டது.

அளவுகோல்

இலக்கு எவ்வளவு தொலைவிலும் எவ்வளவு சிறியதாகவும் இருக்கிறதோ, அவ்வளவுக்கு அதனை அடையும் நேரம் கூடும். இது உளவியலறிஞர் பால் ஃபிட்ஸ் 1954இல் வகுத்த விதி. அதன்படி, பொத்தான்களை வெவ்வேறு அளவிலும் தொலைவிலும் அமைத்து, வேகத்தையும் பிழைகளையும் ஆய்வாளர் கணக்கிடுவர். இச்சோதனையில் விரலை விடத் தலையசைவு மெதுவானதே. நெடுநேரம் பயன்படுத்தினால் கழுத்து சோரும். மங்கிய ஒளியில் கேமரா தடுமாறும். விசைகள் மிகுந்த தமிழ் விசைப்பலகையில் ஒவ்வொரு விசையும் சிறிதாவதால் பிழையும் மிகும்.

எதனோடு ஒப்பிடுவது?

விரலை இயக்க வல்லவரைக் கொண்டு மட்டும் சோதித்தால் இம்முறை தோற்றதாகவே முடிவாகும். விரலசைக்க இயலாதவர்க்கோ ஒப்பீடு வேறு. உதவிக்கு ஒருவர் வரும்வரை காத்திருக்கும் நேரத்தோடு ஒப்பிட்டால், ஓர் எழுத்துக்குச் சில நொடிகள் மிகுதியல்ல. குரலால் இயக்கலாமே எனக் கேட்கலாம். வங்கியின் கடவுச்சொல்லைப் பலர் கேட்க உரைக்க இயலுமா? ஆதலின், பயன்படுத்தப்போகும் மாற்றுத்திறனாளிகளையே கொண்டு, அவர்தம் வீட்டிலேயே, அவர்தம் மொழியிலேயே சோதிப்பதே முறையான மதிப்பீடு. வேகத்தோடு, பிறர் துணையின்றி எவ்வளவு செய்ய முடிகிறது என்பதையும் அது அளக்க வேண்டும்.

தெரியுமா?

அன்றாட மின்னணுக் கருவிகள் அனைவருக்கும் ஏற்ற வடிவமைப்பில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016.