துப்பாக்கித் தோட்டாவுக்குக் குதிரை லாயம் ஆகாது! தெரியுமா?

யாரும் சுடாத, கீழேகூடப் போடாத புத்தம்புதுத் தோட்டா, பெட்டிக்குள் இருந்தபடியே வெடிப்பு விட்டுப் பாழாகும். தெரியுமா? வெள்ளைக்காரன் ஆண்ட இந்தியாவில் இதுதான் நடந்தது. மழைக்காலம் முடியும்வரை தோட்டாக்களைக் குதிரை லாயத்தில் போட்டு வைத்தார்கள். வெயில் வந்ததும் எடுத்துப் பார்த்தால் பித்தளை உறைகளில் கீறல் கீறலாக வெடிப்பு! 1921இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவர் குற்றவாளியைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அது குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அமோனியா.

தோட்டாப் பித்தளையில் செம்பு 70 பங்கு, துத்தநாகம் 30 பங்கு. தகட்டைக் கிண்ணமாக்கி, அழுத்தி அழுத்தி நீட்டித்தான் உறை செய்கிறார்கள். அந்த இழுவிசை உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடும். அமோனியா உள்ளே புகுந்து செம்பை அரிக்க, விறைப்பாக நிற்கும் உலோகம் பிளந்துகொள்கிறது. மருந்து எளிது: மிதமான சூட்டில் வாட்டி விறைப்பைத் தணித்துவிட வேண்டும். ராணுவத் தோட்டாவின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு கறை இருக்குமே, பலர் அதை அழுக்கு என்று நினைப்பார்கள். கழுத்தை நெருப்பில் வாட்டிய தடம் அது!

நம் பினாங்கின் கார்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கும் ஸ்ரீ ரம்பாய் பீரங்கி 1603இல் டச்சுக்காரர்கள் வார்த்தது. அதற்கு உறையே கிடையாது. மருந்தையும் குண்டையும் வாய்வழியே திணிக்க வேண்டியதுதான். பித்தளை உறை வந்த பிறகு கதையே மாறிவிட்டது. .303 ரைபிளில் விசையை அழுத்தியதும் சதுர அங்குலத்துக்குச் சுமார் 45,000 பவுண்டு அழுத்தம் எழும்புகிறது. அந்தக் கணத்தில் உறை உப்பி, துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் வராமல் அடைத்துவிடும். அடுத்த கணமே சற்றுச் சுருங்கி, கையால் இழுத்தால் வெளியே வந்துவிடும். இந்த வித்தையைப் பித்தளை போல இயல்பாகச் செய்யும் உலோகம் அரிது.

இன்னொன்றையும் கேளுங்கள். ஒருமுறை சுட்ட உறை, அந்தத் துப்பாக்கியின் அறைக்கே அளவெடுத்தது போல ஆகிவிடுகிறது! அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் குறிச்சூட்டுக்காரர்கள் ராணுவம் கழித்துப் போட்ட உறைகளை வாங்கி, மீண்டும் மருந்தும் குண்டும் அடைக்கிறார்கள். சிக்கனம் ஒரு காரணம். பெரிய காரணம், குறி தப்பக்கூடாது என்பது. ஒவ்வொரு தோட்டாவும் மற்றதைப் போலவே இருந்தால்தான் குண்டுகள் ஒரே இடத்தில் விழும். ஆகவே அடியில் பொறித்த ஆலை முத்திரையையும் ஆண்டையும் பார்த்துப் பிரிக்கிறார்கள், எடை போடுகிறார்கள், தம் துப்பாக்கியில் ஒருமுறை சுட்ட பிறகு கழுத்தை மட்டும் இறுக்குகிறார்கள். ராணுவ உறையின் சுவர் பெரும்பாலும் தடிமன். உள்ளே இடம் குறைவு. கடையில் வாங்கிய உறைக்குப் போடும் அதே அளவு மருந்தை இதில் போட்டால் அழுத்தம் எகிறிவிடும்.

பழைய .303 ரைபிளான லீ-என்ஃபீல்டுக்குத் தனிச் சோதனை உண்டு. அதன் அறை சற்றுத் தாராளமானது. சுடச்சுட உறையின் அடிப்பகுதிக்கு மேலே சுவர் இழுபட்டு மெலியும். வெளியே ஒன்றும் தெரியாது! நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுச் சுவரோடு மெதுவாக மேலே இழுக்க வேண்டும். ஒரு பள்ளத்தில் கம்பி 'டக்' என்று தட்டினால் அந்த உறைக்கு ஆயுள் முடிந்தது. இல்லாவிட்டால் அடுத்த சூட்டில் இரண்டு துண்டு.

கொசுறாக ஒரு வேடிக்கை. தோட்டாவின் அடியில் பொறி வைக்கும் 'பிரைமர்' இரண்டு வகை. ஒன்றைக் கொண்டுவந்தவர் ஆங்கிலேயர் பாக்ஸர், மற்றதை அமெரிக்கர் பெர்டன். இன்று அமெரிக்கா பாக்ஸரைப் பிடித்துக்கொண்டது, ஐரோப்பிய ராணுவங்கள் பல பெர்டனை! பாக்ஸர் உறையில் நடுவே ஒரே துளை. ஊசியால் தட்டினால் பழைய பிரைமர் விழுந்துவிடும். பெர்டனில் ஓரமாக இரண்டு பொடித்துளைகள்; ஊசி நுழையாது. உறையில் தண்ணீர் நிரப்பி, இறுக்கமான தண்டால் மேலிருந்து அடித்து, நீரழுத்தத்தால் பிரைமரைத் துப்ப வைக்கும் ஆட்களும் உண்டு.

பழைய பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்ததும் அது உப்பாகிக் குழலுக்குள் படியும். பினாங்கின் ஈரக்காற்றில் உப்பு என்ன செய்யும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டுமா? எண்ணெய் உப்பைக் கரைக்காது என்பதால் பிரிட்டிஷ் சிப்பாய்கள் குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவினார்கள். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் மலாயாக் காடுகளில் அலைந்த 'ஜங்கிள் கார்பைன்' அதே லீ-என்ஃபீல்டின் குட்டை வடிவம்தான்.

அந்த .303 உறைக்குள் பெரும்பாலும் இருந்தது பொடி மருந்தல்ல, நூடுல்ஸ் போன்ற கார்டைட் குச்சிகள்! அதைத் தயாரிக்கவே 1903 வாக்கில் நீலகிரியின் அருவங்காட்டில் ஓர் ஆலை எழுந்தது, இன்றும் இருக்கிறது. உறை நேர்க்குழாயாக இருக்கும்போதே குச்சிகளைச் செருகி, அதற்குப் பிறகுதான் கழுத்தை ஒடுக்கினார்கள். வெடிமருந்து உள்ளே இருக்க வெளியே உலோகத்தை நெரிக்கிறார்கள்! நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம். மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். 2012இல் ரத்தான உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்திலோ, பாதுகாப்புப் பகுதியில் அனுமதியின்றித் தோட்டா வைத்திருந்தாலே தூக்கு! 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய ஊர் நம் பினாங்கு. வீட்டுக்குப் பின்னால் மண் வெட்டும்போது பச்சை பிடித்த பித்தளை ஏதேனும் தட்டுப்பட்டால் தேய்த்துப் பார்க்காதீர்கள். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு 999க்கு அழையுங்கள்.