எச்.எல்.ஏ-ஜி மரபணு வேறுபாடுகள்

எச்.எல்.ஏ-ஜி என்பது கருவின் சூல்வித்தக உயிரணுக்களில் மிகுதியாகக் காணப்படும் ஒரு புரதம் ஆகும். தாயின் நோயெதிர்ப்பு மண்டலம் கருவைத் தாக்காமல் பொறுத்துக்கொள்வதில் இதற்குப் பங்கு உண்டு. இதற்குரிய மரபணு 6ஆம் குரோமோசோமின் குறுங்கரத்தில் உள்ளது.

கருவின் மரபணுக்களில் பாதி தந்தை வழி வந்தவை. பிறருடைய சிறுநீரகத்தைப் பொருத்தினால் அதை எதிர்க்கும் உடல், பாதி அயலான கருவை மட்டும் எவ்வாறு ஏற்கிறது என்ற கேள்வியைப் பீட்டர் மெடவார் 1953இல் எழுப்பினார். கருப்பைச் சுவரினுள் ஊடுருவும் டிரோபோபிளாஸ்ட் உயிரணுக்களில் விடையின் ஒரு பகுதி கிடைத்தது. உறுப்பு நிராகரிப்பைத் தூண்டும் எச்.எல்.ஏ-ஏ, பி ஆகியவற்றை இவை வெளிப்படுத்துவதில்லை. சி, ஈ, ஜி ஆகியவற்றையே வெளிப்படுத்துகின்றன. எச்.எல்.ஏ-ஜி, தாயின் வெள்ளையணுக்களிலுள்ள எல்.ஐ.எல்.ஆர்.பி1 போன்ற ஏற்பிகளுடன் இணைந்து அவற்றின் தாக்குதலை அடக்குகிறது.

எச்.எல்.ஏ-ஏ, பி மரபணுக்களுக்கு ஆயிரக்கணக்கான எதிருருக்கள் உள்ளன. எச்.எல்.ஏ-ஜி புரதத்திலோ வேறுபாடு மிகக் குறைவு. அது எவ்வளவு உருவாகிறது என்பதைக் கட்டுப்படுத்தும் பகுதிகளிலேயே முக்கிய வேறுபாடுகள் அமைந்துள்ளன. அதிகம் ஆராயப்பட்டது, மரபணுவின் இறுதிப் பகுதியில் 14 காரஇணைகள் இருப்பதோ இல்லாதிருப்பதோ ஆகும். இச்செருகல் உள்ளோரின் குருதியில் கரையக்கூடிய எச்.எல்.ஏ-ஜி குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டின. தொடர் கருச்சிதைவுடன் இதற்குத் தொடர்பு உண்டெனச் சில ஆய்வுகளும், இல்லையெனச் சில ஆய்வுகளும் கூறுகின்றன. ஆகவே இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் சோதித்து, ஒரு பெண்ணின் கருத்தரிப்பு எப்படி முடியும் எனச் சொல்ல இயலாது.

0105என் என்னும் எதிருருவில் ஒரேயொரு காரம் விடுபட்டிருப்பதால் முழுமையான புரதம் உருவாவதில்லை. இரு பிரதிகளும் இவ்வாறு அமைந்தவர்கள் நலமாகப் பிறந்து வாழ்வது அறியப்பட்டுள்ளது. எனவே எச்.எல்.ஏ-ஜியின் முழு வடிவம் இன்றியே கரு வளர முடியும். பிற வடிவங்கள் அதன் பணியை ஈடுசெய்யக்கூடும்.

இதைவிடத் தெளிவான தொடர்பு எச்.எல்.ஏ-சியில் காணப்பட்டது. தாயின் இயற்கைக் கொல்லி அணுக்களிலுள்ள கே.ஐ.ஆர் ஏற்பிகள் ஏஏ வகையாகவும், கருவின் எச்.எல்.ஏ-சி சி2 வகையாகவும் அமைந்தால் முன்சூல்வலிப்பு ஏற்படும் வாய்ப்பு கூடுவதாக ஆஷ்லி மாஃபெட் குழுவினர் 2004இல் கண்டறிந்தனர். இக்கூட்டில் கொல்லி அணுக்கள் அளவுக்கு மீறி அடக்கப்படுகின்றன. சாதாரணமாக அவை டிரோபோபிளாஸ்ட் ஊடுருவலுக்கு உதவுபவை. பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. அவற்றின் உதவி குறைந்தால் கருப்பைத் தமனிகள் போதிய அளவு விரிவடைவதில்லை. ஏஏ வகை மிகுந்த மக்களிடையே சி2 குறைவாகக் காணப்படுகிறது. யப்பானியர் இதற்கு எடுத்துக்காட்டு.