பக்கத்துக் கிடங்கா, தூரத்துக் கிடங்கா?

திண்டுக்கல் சமவெளியில் ஒரு ரேஷன் கடை. அதற்கு எந்தக் கிடங்கிலிருந்து அரிசி வர வேண்டும்? பக்கத்துக் கிடங்கு என்றுதான் எல்லோரும் சொல்வோம். அது எப்போதும் சரியாகாது.

இரண்டு கிடங்குகள், இரண்டு கடைகள். கிடங்குக்கு ஒரு லாரிச் சரக்கு என்று வைத்துக்கொள்வோம். முதல் கடைக்குக் கிழக்குக் கிடங்கு 5 கி.மீ., மேற்குக் கிடங்கு 8 கி.மீ. இரண்டாம் கடைக்கு அவை 6, 30. முதல் கடைக்குப் பக்கத்துக் கிடங்கை ஒதுக்கினால் இரண்டாவது கடைக்கு 30 கி.மீ. ஓட வேண்டும், மொத்தம் 35. மாற்றி ஒதுக்கினால் 14தான்! ஒரு லாரி 3 கி.மீ. கூடுதலாக ஓடியதால் 21 கி.மீ. மிச்சம்.

கடைகள் 20 ஆனால், இரண்டே கிடங்குகளுக்குக்கூட 10,48,576 வழிகள். ஒவ்வொன்றாகப் பார்க்காமலே சிறந்த வழியை எட்டுவதுதான் நேரியல் திட்டமிடல். சோவியத் கணித அறிஞர் கன்டரோவிச் 1939-இல் அதற்கு அடித்தளமிட்டார். 1975-இல் நோபல் பரிசு பெற்றார். நம் பிளஸ் டூ வணிகக் கணிதத்திலும் இந்தப் போக்குவரத்துக் கணக்கு உண்டு. பிள்ளைகளுக்கு ரேஷன் லாரியைக் காட்டியே இதைச் சொல்லித்தரலாம்.

உலக உணவுத் திட்டமும் டெல்லி ஐஐடியும் சேர்ந்து உருவாக்கிய 'அன்ன சக்ரா' என்ற கருவியை மத்திய அரசு 2024 டிசம்பரில் தொடங்கியது. ரேஷன் லாரிகளின் பாதையை வகுக்கும் இக்கருவியால் 30 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் ஆண்டுக்கு 250 கோடி ரூபாய் மிச்சமாகும் என்பது அரசின் மதிப்பீடு.