மூளையால் ஓடும் மோட்டார் சைக்கிள்: ஒரு விளையாட்டு கேட்கும் விலை

"மோட்டார் சைக்கிளில் வந்த இனந்தெரியாதோர்" என்று தொடங்கும் செய்திகளை யுத்த காலத்தில் நாம் எத்தனை முறை வாசித்திருப்போம்! இருசக்கர வண்டியும் துப்பாக்கியும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியும். வரிப்பத்தான்சேனையில் இருக்கும் எனக்கு, அந்த இரண்டையும் சேர்த்துப் பூட்ட விதிமுறை எழுதிவைத்த ஒரு விளையாட்டைப் படித்தபோது முதலில் எரிச்சல்தான் வந்தது. முழுதாகப் படித்த பிறகு, அதைப்பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

விளையாட்டின் பெயர் ஷடோரன். 1989இல் அமெரிக்காவில் வெளியானது. கணினி தேவையில்லை. நண்பர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, தாயக்கட்டை உருட்டி ஆடுவது. நான் படித்தது 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு. கதை நடப்பது 2070களில்.

அதில் 'ரிகர்' என்றொரு பாத்திரம் உண்டு. அவர் வண்டியைக் கையால் ஓட்டுவதில்லை. உடலுக்குள் பொருத்திய கருவி வழியாக, வண்டியையே தன் உடம்பாக உணர்ந்து மூளையால் ஓட்டுவார்.

வண்டியை மாற்றியமைப்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு வண்டிக்கும் அதன் கட்டுறுதியைக் காட்டும் ஓர் எண் உண்டு. அதில் மூன்று புள்ளிக்கு ஒரு துப்பாக்கித் தாங்கி பூட்டலாம். மிச்சம் கணக்கில் வராது. யமஹா குரோலருக்கு 5 புள்ளி, ஆகவே ஒரு தாங்கி. ஹார்லி டேவிட்சன் ஸ்கோர்பியனுக்கு 8 புள்ளி, ஆகவே இரண்டு. கனரக ஆயுதத்துக்கான தாங்கி என்றால் அது ஒன்றே இரண்டு தாங்கியின் இடத்தைப் பிடித்துவிடும்.

இனி விலை. மனிதர் ஒவ்வொருவரும் 'எசன்ஸ்' என்ற உயிர்ச்சாரம் 6 புள்ளியோடு தொடங்குகிறார். மூளைக் கருவியில் மூன்று தரம் உண்டு. முதல் தரத்துக்கு 1 புள்ளி, இரண்டாம் தரத்துக்கு 2, மூன்றாம் தரத்துக்கு 3 புள்ளி குறையும். தரம் கூடக்கூட வண்டி சொன்னபடி கேட்கும். ஆனால் மற்ற மனிதரோடு பேசிப் பழகும் ஆற்றலின் எல்லையைக் கணக்கிடுவதும் இதே உயிர்ச்சாரத்தை வைத்துத்தான். ஒன்று குறைந்தால் மற்றதும் சுருங்கும். புள்ளி பூச்சியமானால் மரணம். இன்னொன்று: ரிகர் வண்டிக்குள் 'இறங்கி' இருக்கும்போது வண்டியில் குண்டு பட்டால், அந்தச் சேதத்தின் பாதி அவர் உடம்பைத் தாக்கும். தாக்குப்பிடிக்க அவர் கட்டை உருட்ட வேண்டும்.

ஆயுதத்தோடு ஒன்றாகிப்போகிற மனிதருக்கு என்ன ஆகும் என்பதை இவ்வளவு பச்சையாகக் கணக்குப் போட்டு வைத்த விளையாட்டு இது. என் எரிச்சல் அடங்கியது அந்த இடத்தில்தான்.

மூளைக் கருவி இன்று வெறும் கற்பனையும் இல்லை. 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் முதன்முதலாக ஒருவரின் மூளையில் அப்படியொரு கருவியைப் பொருத்தியது. தோளுக்குக் கீழே செயலிழந்திருந்த அவர், நினைத்த மாத்திரத்தில் கணினித் திரையில் சதுரங்கம் ஆடினார். ஷெல்லடியில் முள்ளந்தண்டு அடிபட்டுப் படுக்கையில் கிடப்பவர்கள் இருக்கும் நம் வீடுகளில், இந்தத் தொழில்நுட்பத்துக்கு முதல் வேலை என்ன என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.