திருப்பாலைவனத்தில் ஒரு மலை

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு செல்லும் சாலையில் உள்ளது திருப்பாலைவனம். பெயரைக் கேட்டு மணற்காட்டைக் கற்பனை செய்யாதீர்கள். பாலை மரங்களால் வந்த பெயர் என்பார்கள். மேடென்று சொல்ல ஒன்றுமில்லாத சமவெளி. ஆனால், காலையில் மீன்கூடையுடன் சைக்கிளில் மேற்கே விரைகிறவர், பிற்பகலில் வெறுங்கூடையுடன் திரும்பும்போதுதான் மூச்சு வாங்குகிறார். ஏன்?

எதிரே கடற்காற்று! மணிக்கு 18 கி.மீ. வேகக் காற்றை எதிர்த்து 14 கி.மீ. வேகத்தில் சென்றால், சுமார் 3 கிலோ எடைக்குச் சமமான விசை நம்மைப் பின்னுக்குத் தள்ளும். ஆளும் வண்டியும் 80 கிலோ என்றால், 27 அடிக்கு 1 அடி உயரும் மேட்டில் ஏறுவதும் இதுவும் ஒன்றே. கண்ணுக்குத் தெரியாத மலை அது.

உங்கள் சைக்கிளின் பற்களை எண்ணிப் பாருங்கள். முன்சக்கரத்தை அல்ல, மிதிகட்டையோடு சுழலும் பற்சக்கரத்தை! அதில் 44, பின்னால் 18 என்று கொள்வோம். மிதி ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் 2.44 சுற்றுச் சுற்றும். வண்டி சுமார் 5.4 மீட்டர் ஓடும். பாதம் நகர்ந்ததோ 1.07 மீட்டர்தான். தூரத்தில் ஐந்து மடங்கு லாபம். விசையில் ஐந்து மடங்கு நஷ்டம். இயற்கை இனாமாக எதையும் தருவதில்லை.

இந்த வண்டியுடன் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஏற்காட்டுச் சாலைக்குப் போவோம். 10 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் இடத்தில் 8 கிலோ எடை நம்மைக் கீழே இழுக்கும். மிதியில் சராசரியாக 40 கிலோ அழுத்த வேண்டும். மிதி உச்சியிலும் அடியிலும் இருக்கும்போது நம் அழுத்தம் பயன்படாது. ஆகவே நடுவில் 60 கிலோவுக்கு மேல் தேவை. உங்கள் எடையே அவ்வளவு இருக்காதே! நான் இறங்கித் தள்ளியதில் வெட்கமில்லை.

முன்னால் 22, பின்னால் 32 பற்கள் உள்ள கியர் சைக்கிளில் அந்த 40 கிலோ சுமார் 11 கிலோவாகக் குறையும். வேகமும் குறையும்: நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஐந்தரை கி.மீ.தான். ஆனால் திறன் 120 வாட் போதும். பழைய வண்டியில் அதே 60 சுற்றுக்கு 420 வாட் வேண்டும்!

பிரான்சின் புகழ்பெற்ற 'டூர்' பந்தயத்தில் சங்கிலியை இடம் மாற்றும் கியர் 1937-இல்தான் அனுமதிக்கப்பட்டது. அதுவரை, மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி, மறுபக்கத்துப் பெரிய பற்சக்கரத்தில் சங்கிலியை மாட்டினார்கள்.

திருப்பாலைவனத்துக்கு இவ்வளவும் தேவையா? தேவையில்லை. பின்னால் 18-க்குப் பதில் 20 பல் ஃப்ரீவீல் போட்டாலே அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். 22 போட்டால் மாலையில் இன்னும் சுகம். ஆனால் மீன் கெடுமுன் சந்தைக்குப் போக வேண்டிய காலையில் கால்கள் வீணாகச் சுழலும். நானாக இருந்தால் 20-ஐத்தான் எடுப்பேன். சங்கிலி எட்டாவிட்டால் கடைக்காரர் ஒரு கண்ணி சேர்த்துத் தருவார்.